உதிர்வதா, பிடுங்குவதா? இளம் வளர்ப்புப் பறவையின் இறகிழப்பு குறித்து ஓர் ஆய்வு

கூண்டுத் தட்டில் இறகு குவியத் தொடங்கியதும் பறவை வளர்ப்பவர்கள் பதறிப்போகிறார்கள். அதுவும் வாங்கி வந்து சில மாதமே ஆன குஞ்சு என்றால் பதற்றம் இன்னும் கூடுகிறது. தானாகக் கொட்டுகிறதா, அதுவே பிடுங்கிக்கொள்கிறதா என்று தெரியவில்லை. கடையில் கேட்டால் “சூடு, சரியாயிடும்” என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் “பேன் பிடிச்சிருக்கும், வேப்பிலைத் தண்ணி தெளிங்க” என்பார்கள். இரண்டுமே பறவையைப் பார்க்காமல் சொல்லப்படும் பதில்கள்.

இந்தக் கேள்விக்குக் கால்நடை மருத்துவமும் பறவையியலும் தெளிவான விடைகளை வைத்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் புலப்படும். ஒன்று, கீழே எத்தனை இறகு விழுந்தது என்பதைவிட உடம்பில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். இரண்டு, உதிர்வு, பிடுங்கல் என்ற இரண்டோடு கதை முடிவதில்லை. நோயும் இன்னொரு பறவையின் அலகும் இதில் உண்டு. இளம் பறவையில் அதிகம் தவறவிடப்படுபவை இந்தக் கடைசி இரண்டும்தான்.

எந்தப் பறவைகள்?

தமிழ்நாட்டில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளே இவற்றின் தாயகம். 1840இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுவதும் கூண்டுப் பறவையாகப் பரவின. இவற்றோடு காக்டெயில், ஆப்பிரிக்க லவ் பேர்ட், அரிதாகச் சாம்பல் கிளி ஆகியவையும் நம் வீடுகளில் வளர்கின்றன. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அது இக்கட்டுரையில் இடம்பெறவில்லை. அதிகம் வளர்க்கப்படும் பட்ஜரிகரையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இறகு ஏன் உதிர வேண்டும்?

முழுதாக வளர்ந்த இறகு உயிரற்ற பொருள். நம் நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வெயிலும் உராய்வும் நுண்ணுயிரிகளும் அதைத் தேய்த்துவிட்டால் பழுது பார்க்க வழியில்லை. புதிதாக மாற்றத்தான் வேண்டும். தோலில் உள்ள இறகுக் குழியில் புது இறகு முளைவிட்டுப் பழையதை வெளியே தள்ளுகிறது. எனவே இயல்பான உதிர்வில் ஒரு இறகு விழும்போதே அதன் மாற்று தயாராகிக்கொண்டிருக்கிறது. பிடுங்கலிலிருந்து உதிர்வைப் பிரித்துக் காட்டும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

உதிர்வை முடுக்குவதில் பகல் நீளத்துக்கும் தைராய்டு சுரப்புக்கும் இனப்பெருக்கச் சுழற்சிக்கும் பங்கு உண்டு. குளிர்நாடுகளில் பகல் நீளம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவதால் உதிர்வுக் காலம் அங்கே தெளிவாகத் தெரியும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு நள்ளிரவு வரை எரியும் டியூப்லைட் வெளிச்சம் வேறு. அதனால் நம் வீட்டுப் பறவைகளில் உதிர்வு ஒரு பருவத்துக்குள் அடங்காமல் ஆண்டின் எந்த மாதத்திலும் தலைகாட்டலாம். வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கும் மாதக் கணக்கை வைத்து இங்கே முடிவு கட்டக் கூடாது.

முதல் உதிர்வு: வயதே முதல் சாட்சி

இளம் பறவையில் முதலில் விசாரிக்க வேண்டியது வயதை. பட்ஜரிகர் ஏறத்தாழ மூன்று நான்கு மாதத்தில் முதல் உதிர்வைத் தொடங்குகிறது. காக்டெயில் பொதுவாக ஆறு மாதத்தைத் தாண்டிய பிறகு தொடங்கும். சாம்பல் கிளி போன்ற பெரிய இனங்களில் அது ஒரு வயதை ஒட்டி வரும்; மெதுவாகவும் நடக்கும்.

பட்ஜரிகர் குஞ்சின் நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். கூட்டை விட்டு வெளிவரும் குஞ்சுக்கு மூக்குத் துளைகள் உள்ள மெத்தென்ற பகுதி வரைக்கும் கறுப்புக் கோடுகள் வரிவரியாக இறங்கியிருக்கும். முதல் உதிர்வில் அந்தக் கோட்டு இறகுகள் விழுந்து, அவற்றின் இடத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கோடில்லாத நெற்றி உருவாகிறது. தொண்டையில் உள்ள கரும்புள்ளிகள் பெரிதாகி உருண்டை வடிவம் பெறும். பல வண்ண வகைகளில் முழுக் கறுப்பாக இருந்த கண்ணைச் சுற்றிப் பின்னர் வெளிர் வளையமும் தோன்றும். மூன்றரை மாதப் பறவைக்கு நெற்றிக் கோடுகள் திட்டுத்திட்டாக மறைந்து, தலையெங்கும் முள் முள்ளாக முளைத்திருந்தால் கவலைக்கு இடமில்லை. பறவை பருவம் மாறுகிறது, அவ்வளவே.

இளம் காக்டெயிலிலும் இப்படி அடையாளம் உண்டு. சாம்பல் நிற ஆண் குஞ்சு பார்ப்பதற்குப் பெட்டை போலவே இருக்கும். முதல் உதிர்வுக்குப் பிறகே அதன் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். லுட்டினோ எனப்படும் வெளிர்மஞ்சள் வகைக் காக்டெயிலின் கொண்டைக்குப் பின்னால் இருக்கும் வழுக்கையோ பிறவிக் கூறு. அதைப் பிடுங்கல் என்று எண்ணி மருந்து தேடி அலைபவர்கள் உண்டு. அதற்கு மருந்து தேவையில்லை.

இயல்பான உதிர்வின் குறிகள்

முதல் குறி சமச்சீர். வலச் சிறகில் ஒரு பெரிய இறகு விழுந்தால் இடச் சிறகிலும் அதற்கு இணையானது அடுத்த சில நாளில் விழும். பறவை பறக்கும் திறனை ஒரேயடியாக இழந்துவிடாதபடி இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. பல பறவைகளில் வெளிச்சிறகின் முதன்மை இறகுகள் உட்புறத்திலிருந்து வெளிநோக்கி வரிசையாக மாறும். கிளி இனங்களில் நடுவிலுள்ள ஒன்று முதலில் விழுந்து, அங்கிருந்து இரு திசையிலும் மாற்றம் பரவும். ஆகவே சிறகின் நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தால் பயப்பட வேண்டாம்; இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது குறி, வெற்றுத் தோல் தெரியாது. பறவை மங்கலாக, கலைந்துபோனாற்போல் தோன்றலாம். ஆனால் சாதாரண உதிர்வில் வளர்ப்புக் கிளிகளுக்கு மார்பிலோ தொடையிலோ வழுக்கைத் திட்டு விழுவதில்லை.

மூன்றாவது குறி முள் இறகு. வளர்ப்பவர்கள் இதைப் ‘பின் ஃபெதர்’ என்கிறார்கள். வெண்மையான மெழுகு உறைக்குள் சுருண்டு முளைக்கும் புது இறகு இது. அடியில் ரத்த ஓட்டம் இருப்பதால் அந்தப் பகுதி கருநீலமாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் ரத்தம் பின்வாங்கும். பறவை அலகால் கோதி உறையை உடைக்கும். தட்டில் பொடுகு போல வெள்ளைத் தூள் விழுவது இந்த உறைதான். தன் தலையை அலகால் எட்ட முடியாது என்பதால் தனியாக வளரும் பறவையின் தலையில் முள் இறகுகள் கூடுதல் நாள் நிற்கும். குச்சியில் தலையைத் தேய்ப்பதும் காலால் சொறிவதும் அதனால்தான்.

நான்காவது குறி விழுந்த இறகிலேயே இருக்கிறது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தானாக உதிர்ந்த இறகு முழுமையாக இருக்கும். தண்டின் அடிமுனை உலர்ந்து, சுத்தமாக, ரத்தமின்றிக் கூம்பியிருக்கும். விளிம்பு தேய்ந்திருக்கலாம், கடித்த தடம் இருக்காது.

உதிர்வுக் காலத்தில் பறவை வழக்கத்தைவிடச் சற்று அதிகம் தூங்கும், சத்தம் குறையும், தொட்டால் எரிச்சல்படும். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் அதை உருவாக்குவது உடம்புக்குப் பெரிய வேலை. ஆனாலும் பறவை நன்றாகத் தின்னும், எச்சம் மாறாது, எடை குறையாது.

பிடுங்கிய உடம்பு சொல்வது

பிடுங்கலுக்கு ஒரு வரைபடமே உண்டு. அலகு எட்டும் இடங்களான மார்பு, தொடையின் உட்புறம், சிறகின் அடிப்பகுதி, வால் ஆகியவை பாழாகியிருக்கும். அலகு எட்டாத தலை மட்டும் பூப்போல முழு அழகோடு நிற்கும். பறவை மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இந்த எல்லைக்கோட்டைத்தான். கழுத்துக்கு மேல் நிறைவாகவும் கீழே மொட்டையாகவும் இருந்தால் வேலை அந்தப் பறவையின் அலகுடையது. தலையும் சேர்ந்து மொட்டையானால் அது தனக்குத் தானே செய்துகொண்டதாக மட்டும் இருக்க முடியாது.

விழுந்த இறகும் சாட்சி சொல்லும். தண்டு மடங்கியிருக்கும், நுனி கடித்துக் குதறப்பட்டிருக்கும், அடியில் ரத்தக்கறை இருக்கலாம். சில பறவைகள் இறகைப் பிடுங்காமல் மென்று நறுக்கிவிடும். அப்போது உடம்பில் குச்சி குச்சியாகத் தண்டுகள் மட்டும் மிஞ்சும். முளைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி முள் இறகைப் பிடுங்கினால் இறகுக் குழி சேதமடைந்து, அங்கே நிரந்தரமாக இறகே முளைக்காமல் போகலாம். இன்னும் முற்றினால் சில பறவைகள் தோலையும் தசையையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எந்தப் பறவை பிடுங்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. சாம்பல் கிளி, காக்கட்டூ ஆகிய பெரிய கிளிகளில் இது அதிகம். பட்ஜரிகரில் மிகக் குறைவு. பழக்கம் பெரும்பாலும் பருவமடையும் காலத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே நான்கு மாத பட்ஜரிகர் தன்னையே பிடுங்குகிறது என்று முடிவு செய்யுமுன் மற்ற எல்லாக் காரணங்களையும் விலக்கிவிட வேண்டும்.

இன்னொரு அலகு

நம் ஊரில் பட்ஜரிகர் ஜோடிகளைச் சிறு பானைகளில் இனப்பெருக்கம் செய்ய விடுகிறார்கள். ஓய்வின்றி அடுத்தடுத்து முட்டையிடும் பெட்டை, அடுத்த ஈட்டுக்குத் தயாராகும்போது பானைக்குள் இருக்கும் குஞ்சுகளின் முதுகிலும் பிடரியிலும் இறகைப் பிடுங்குவது உண்டு. காக்டெயிலிலும் ஆப்பிரிக்க லவ் பேர்டிலும் இதைக் காணலாம். அப்படிப்பட்ட குஞ்சு கடைக்கு வரும்போதே முதுகு வெறிச்சோடியிருக்கும். வாங்கியவர் தன் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். பெற்றோரிடமிருந்து பிரித்த சில வாரத்தில் இறகு தானாக முளைத்துவிடும். வேறு சிகிச்சை வேண்டியதில்லை.

ஒரே கூண்டில் பல பறவைகளை அடைத்தாலும் வலியது எளியதன் தலையைக் குதறும். தலையும் பிடரியும் மொட்டை, மார்பு சரியாக இருக்கிறது என்றால் கூண்டுத் துணையைச் சந்தேகியுங்கள். தனிக்கூண்டில் வைத்ததும் இறகு வளர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

திடீர்ப் பயமும் இறகைப் பறிக்கும். காக்டெயில்கள் இருட்டில் ஏதேனும் சத்தம் கேட்டு மிரண்டு, கூண்டுக்குள் முட்டி மோதிச் சிறகு இறகுகளை இழப்பதுண்டு. காலையில் இறகோடு ரத்தத் துளிகளும் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளவும். மங்கலான இரவு விளக்கு ஒன்று இதைப் பெருமளவு தடுக்கும்.

நோய் செய்யும் வேலை

கூட்டை விட்டு வெளிவரும் வயதில், ஐந்து ஆறு வாரத்தில், பட்ஜரிகர் குஞ்சின் சிறகிலும் வாலிலும் பெரிய இறகுகள் சடசடவென்று விழுந்து அது பறக்க முடியாமல் தரையில் ஓடுவதைப் பண்ணைக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ‘பிரெஞ்சு மோல்ட்’ என்று பெயர். 1981இல் பட்ஜரிகர் குஞ்சுகளில் பாலியோமா வைரஸ் அடையாளம் காணப்பட்டது. இறகிழப்பு, குஞ்சுகளின் திடீர் மரணம் ஆகிய இரண்டுக்கும் அது காரணமாகிறது. இங்கே இழப்பு இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் உதிர்வு என்று ஏமாறுவது எளிது. வயதுதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு மாதம் நிரம்பாத பட்ஜரிகருக்கு இயல்பான உதிர்வு வருவதில்லை.

இரண்டாவது, கிளிகளின் அலகு–இறகு நோய். சர்க்கோ வைரஸால் வருவது. பெரும்பாலும் இளம் கிளிகளையே தாக்குவது. இதில் இறகு விழுவதோடு நிற்காமல், புதிதாக முளைப்பதும் கோணலாகவே முளைக்கும். உறை விலகாமல் தடித்து நிற்கும், அடியில் நூல் கட்டினாற்போல் இறுகியிருக்கும், தண்டுக்குள் ரத்தம் உறைந்திருக்கும். அலகு எட்டாத தலையிலும் இதே சேதம் தெரியும். ரத்தம் அல்லது இறகு மாதிரியில் பிசிஆர் சோதனை செய்து வைரஸைக் கண்டறியலாம். இது தொற்றுநோய். எனவே சந்தேகம் எழுந்த உடனேயே அந்தப் பறவையை மற்றவற்றிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

உண்ணிகளைப் பற்றிய பயம் நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. பட்ஜரிகரின் அலகு ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு போலப் பொருக்கு படர்ந்தால் அது செதில் உண்ணி. மருத்துவர் தரும் மருந்தில் குணமாகும். இரவில் வந்து ரத்தம் குடிக்கும் செவ்வுண்ணியைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கூண்டை வெள்ளைத் துணியால் மூடி, விடியலில் துணியின் உட்புறத்தைப் பாருங்கள். நகரும் செம்புள்ளிகள் தெரிந்தால் உண்ணி இருக்கிறது. இப்படி எதுவும் இல்லாதபோது உண்ணி மருந்து தெளிப்பது வீண்.

ஊட்டக் குறையும் இறகில் எழுதிவைக்கப்படும். வளரும் காலத்தில் பட்டினியோ கடும் அழுத்தமோ நேர்ந்தால் இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும்; அந்த இடத்தில் இறகு எளிதில் ஒடியும். வெறும் தினையும் கம்பும் தின்று வளரும் பறவைக்கு உயிர்ச்சத்து ஏ, கால்சியம், சில அமினோ அமிலங்கள் போதாமல் போகின்றன. துத்தநாகப் பூச்சுக் கம்பியைக் கடிப்பதால் ஏறும் நஞ்சு, ஈரல் கோளாறு, தோல் தொற்று ஆகியவையும் பறவையைப் பிடுங்கத் தூண்டலாம். அதனால்தான் மருத்துவர்கள் பிடுங்கலை ஒரு நோய்ப்பெயராகக் கொள்ளாமல் அறிகுறியாகக் கொள்கிறார்கள்.

உடலில் குறையில்லை என்றால்?

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் பறவை பிடுங்கினால் அதன் வாழ்க்கையை ஆராய வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மீஹன், மில்லம், மென்ச் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. இளம் ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவைத் தேடி எடுக்கும் வேலையும் ஏறி இறங்க, கடிக்கப் பலவகைப் பொருள்களும் தந்தார்கள். மறு குழுவுக்கு வெறுங்கூண்டு. 48 வாரக் கவனிப்பில் வெறுங்கூண்டுக் கிளிகளின் இறகு நிலை மோசமானது. வேலை கிடைத்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. பின்னர் வெறுங்கூண்டுக் கிளிகளுக்கும் அதே வசதிகளைத் தந்தபோது அவற்றின் இறகும் தேறியது. அதாவது, தடுக்கவும் முடியும், ஓரளவு மீட்கவும் முடியும். இதே இனக் கிளிகளில் 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு, பிடுங்கலில் பரம்பரைக்கும் பங்கு இருப்பதைக் காட்டியது. ஆகவே பிடுங்கும் பறவையை வளர்ப்பவர் எல்லாரும் அன்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் காட்டில் நாளின் பல மணி நேரத்தை இரை தேடுவதில் கழிக்கும் ஓர் உயிருக்கு, கிண்ணத்தில் தினையைக் கொட்டிவிட்டு நாள் முழுவதும் சும்மா இரு என்பது கடும் தண்டனை. தனிமை, தூக்கமின்மை, கூண்டுக்கு அருகே ஓயாத சத்தம், கடையில் கோணல்மாணலாக வெட்டிய சிறகின் முனைகள் குத்துவது எல்லாம் சேர்ந்து அந்த அலகைத் தன் உடம்பின் மேலேயே திருப்பிவிடுகின்றன.

செய்ய வேண்டியதும் கூடாததும்

நல்ல வெளிச்சத்தில் வாரம் ஒருமுறை மார்பு, இரு சிறகு, முதுகு, தலை எனப் படம் எடுத்துவையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் எடையைக் குறித்துவையுங்கள். பட்ஜரிகரின் எடை 30 முதல் 40 கிராம்தான்; அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். உதிர்வு என்றால் இரண்டு மூன்று வாரப் படங்களில் முள் இறகு விரிந்து இறகாவது தெரியும். பிடுங்கல் என்றால் வழுக்கை பெருகுவது தெரியும்.

உதிர்வுக் காலத்தில் முளைகட்டிய பயறு, வேகவைத்த முட்டை, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், கணவாய் ஓடு ஆகியவற்றைக் கொடுங்கள். வெண்ணெய்ப்பழம் பறவைக்கு நஞ்சு. குளிக்க அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர ஓய்வு கிடைக்கட்டும். கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள், தினைக்கதிரைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுங்கள். பறவைக்கு வேலை கிடைக்கும்.

வெற்றுத் தோலில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடல் சூட்டைக் காக்கும் திறனை இழக்கும். கூண்டுக்குள் அந்துருண்டையோ கற்பூரமோ போடாதீர்கள். பறவையின் நுரையீரல் அந்த ஆவியைத் தாங்காது. முள் இறகை நீங்களாகப் பிடுங்காதீர்கள். ரத்த ஓட்டமுள்ள இறகு ஒடிந்து ரத்தம் வழிந்தால் சோள மாவை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்து மருத்துவரிடம் விரையுங்கள். 35 கிராம் பறவையின் மொத்த ரத்தமே மூன்று மில்லி அளவுதான். பிடுங்கும்போது அதட்டவும் வேண்டாம். அதட்டலையும் சில பறவைகள் கவனிப்பாகவே எடுத்துக்கொண்டு மேலும் பிடுங்கும்.

முடிவாக

வயது, சமச்சீர், வெற்றுத் தோல், முள் இறகு, தலை ஆகிய ஐந்தையும் இந்த வரிசையில் பாருங்கள். உரிய வயதில், இரு பக்கமும் ஒன்றுபோல, தோல் தெரியாமல், முள் இறகு முளைத்துக்கொண்டே இறகு விழுந்தால் அது உதிர்வு. நல்ல உணவு கொடுத்துக் காத்திருந்தால் போதும். தலை முழுமையாக இருந்து உடம்பு மொட்டையானால் பிடுங்கல். தலையும் மொட்டையானாலோ, முளைப்பது கோணலாக முளைத்தாலோ, இரண்டு மாதத்துக்குள் இறகு கொட்டினாலோ நோயையும் மற்றொரு பறவையையும் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பின்னிரண்டு நிலைகளிலும் கடைக்காரரின் யோசனை போதாது. 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளோ பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரோதான் துணை. பழக்கம் ஊறிய பிறகு பிடுங்கலை நிறுத்துவது கடினம். தொடக்கத்திலேயே காரணத்தைக் கண்டால் பெரும்பாலான இளம் பறவைகள் தேறிவிடும். சந்தேகம் வந்த வாரத்திலேயே பறவையைக் காட்டிவிடுங்கள்.